ஸ்பீக்கரை மாற்றுமுன் மீட்டரைக் கேளுங்கள்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு)



எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன் ஒருவன் வீட்டில் இருந்தால் போதும். மிக்ஸி ஓடவில்லையா, அவனைக் கூப்பிடு. டியூப்லைட் எரியவில்லையா, அவனைக் கூப்பிடு. "மூணு வருஷமா என்னத்தடா படிக்கிற?" என்ற கேள்விக்கு நம்மில் பதில் தேடாதவர் யார்? அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போய், எந்த லேபிலும் கிடைக்காத ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் ஆமத்தூர் பக்கம். சித்தப்பாவிடம் ஒரு பழைய டாடா சுமோ இருக்கிறது. காலையில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு, திருத்தங்கல் தாண்டி ஒரு பட்டாசு ஆபீசில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். பெரும்பாலும் பெண்கள். கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை. போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி பாட்டுக் கேட்பதுதான் அவர்களுக்கு அந்த நாளின் ஒரே சொந்த நேரம்.

அந்தப் பாட்டுதான் நின்றுபோனது. நான்கு கதவுகளில் நான்கு ஸ்பீக்கர். ஒன்று கதவைச் சாத்தினால் பாடும், திறந்து மூடினால் ஊமையாகும். ஒன்று கரகரவென்று மண்ணை மெல்லுகிற மாதிரி சத்தம். ஒன்றில் மூச்சே இல்லை. ஒன்று மட்டும் ஒழுங்கு. ஒரு கடையில் காட்டினோம். கழற்றிக்கூடப் பார்க்காமல், "நாலும் போச்சு அண்ணாச்சி, செட்டாவே மாத்திருவோம், ஆறாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார்கள். சித்தப்பா வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து, சாவியை என் கையில் கொடுத்தார். "நீ பாருடா. முடியலன்னா சொல்லு, பாட்டு இல்லாமலே ஓட்டிக்கிறேன்" என்றார். தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்களுக்கு லீவு விட்டிருந்த நேரம். வண்டியும் சும்மா நின்றது, நானும் சும்மா இருந்தேன்.

ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது?

முதல் வருடப் பாடம்தான். காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியில் கரண்ட் ஓடினால் கம்பி நகரும். ஸ்பீக்கரின் பின்னால் ஒரு வட்டக் காந்தம். அதன் நடுவே ஒரு குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிய 'வாய்ஸ் காயில்' தொங்குகிறது. காயிலோடு ஒட்டியிருப்பது காகிதக் கோன். செட்டிலிருந்து வரும் கரண்ட் முன்னும் பின்னும் மாற மாற, காயில் முன்னும் பின்னும் போகும். கோன் காற்றைத் தள்ளும். நமக்குப் பாட்டுக் கேட்கும். 1925-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் உலகத்துக்குக் காட்டிய இந்த அமைப்புதான் இன்றைய கார் ஸ்பீக்கருக்கும் அடிப்படை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஸ்பீக்கர் கெடக் காரணங்கள் அதிகமில்லை. ஒன்று, காயில் அறுந்திருக்கும் அல்லது கருகியிருக்கும். இரண்டு, இடைவெளிக்குள் ஏதாவது புகுந்து காயிலை உரசும். மூன்று, கோனோ அதன் ஓர வளையமோ கிழிந்திருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. வயரில் அல்லது செட்டில் இருக்கிறது. ஆகவே மாற்றுவது கடைசி வேலை. சோதிப்பதுதான் முதல் வேலை.

கழற்றாமலே செய்யும் சோதனை

செட்டில் 'பேலன்ஸ்', 'ஃபேடர்' என்று இரண்டு வசதி உண்டு. பேலன்ஸ் இடது, வலது. ஃபேடர் முன், பின். இவற்றைத் திருப்பி ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் பாடவிட்டுக் கேளுங்கள். எது எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நம் லேப் ரெக்கார்டு மாதிரிதான். (ஆனால் இதைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத முடியாது!)

பிறகு செட்டின் பின்னால், கெட்ட ஸ்பீக்கரின் வயரையும் நல்ல ஸ்பீக்கரின் வயரையும் இடம் மாற்றிக் கொடுங்கள். அதே ஸ்பீக்கர் மறுபடியும் ஊமையாக இருந்தால் குற்றம் அதன் வயரிலோ ஸ்பீக்கரிலோ உள்ளது. நல்ல ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால் குற்றம் செட்டில். செட்டுக்கு வெளியே விற்கும் பெரும்பாலான வயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

எங்கள் செட்டில் நான்கு வழியும் நன்றாக இருந்தன. எனவே கதவுகளைத் திறக்க வேண்டியதுதான். பேட்டரியின் மைனஸ் கிளாம்பை முதலில் கழற்றினேன். ஏன் மைனஸை முதலில்? பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். மைனஸ்தான் பாடியோடு சேர்ந்திருப்பது. அதை முதலில் எடுத்துவிட்டால் பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று பூர்த்தியாகாது. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

பெரியம்மா போட்ட சத்தம்

கரகரத்த பின் இடது கதவை முதலில் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியைக் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் அதன் கிளிப் வெளியே வந்துவிடும். ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கதவின் உள் அட்டையை மெதுவாக நெம்பி எடுத்தேன். ஸ்பீக்கரின் வலை கிழிந்திருந்தது. கழற்றி முன்னால் இழுத்துப் பார்த்தால், காந்தத்தைச் சுற்றிலும் தாடி வளர்ந்த மாதிரி கறுத்த தூள்!

வயர் ஸ்பீக்கரோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கையில் எடுத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா போட்டாரே ஒரு சத்தம்!

"யய்யா, அதக் கீழ வைய்யி! அதுல மருந்து இருக்கும்யா!"

இருபது வருடம் மத்தாப்புப் பிரிவில் இருந்தவர். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கம்பி மத்தாப்பு பூப்பூவாகச் சிதறுவது இரும்புத் தூளால். அந்தத் தூளும், அலுமினியப் பவுடரும், ஆக்சிஜன் கொடுக்கும் உப்பும் சேர்த்துப் பசையாகக் குழைத்ததில்தான் கம்பியை முக்குகிறார்கள். காய்ந்த பசை துணியில், முடியில், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். வழியில் வண்டிக்குள் உதிரும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் இரும்பை இழுக்கும். அப்படி இழுக்கப்பட்ட ஒவ்வொரு துணுக்கிலும் இரும்போடு மருந்தும் ஒட்டியிருக்கலாம். என் ஸ்பீக்கர் வருடக்கணக்காக அதைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் மேல் 300 டிகிரிக்கு மேல் சூடான ஒரு முனையைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தேன் நான்!

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது எனக்கும் தெரியும். கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் இருப்பதும் நம் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் தாண்டாத பெரியம்மாவுக்குத் தோன்றியது.

அதன் பிறகு அவர் சொன்னபடியே செய்தோம். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து வைத்தோம். ஊதக் கூடாது, ஊதினால் தூள் பறக்கும். வாக்குவம் கிளீனர் கூடாது. அதன் மோட்டார் பிரஷ்ஷிலேயே பொறி வரும். நன்றாக நனைத்த துணியால் சீட்டுக்கு அடியில், கதவின் உள்ளே, காந்தத்தைச் சுற்றி மெதுவாக ஒற்றி எடுத்தோம். அந்தத் துணியை வெளியே தண்ணீர் வாளியில் போட்டோம். ஸ்பீக்கர் வயரைப் பற்றவைப்பைக் கலைக்காமல் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். சோதனையெல்லாம் வண்டிக்கு வெளியே, திண்ணையில் நடந்தது.

மூன்று சோதனைகள்

ஒன்று: மல்டிமீட்டர். ஸ்பீக்கர் எதனோடும் இணைந்திருக்கக் கூடாது. மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ், பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். '4 ஓம்' என்று அச்சிட்ட ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் நல்லது. 'நாலு இல்லையே' என்று பயப்பட வேண்டாம். அச்சிட்டது ஏ.சி.க்கு உள்ள இம்பீடன்ஸ். மீட்டர் அளப்பது டி.சி. ரெசிஸ்டன்ஸ். மீட்டர் முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. ஒன்றுக்கும் குறைவாகக் காட்டினால் காயில் கருகிச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டன.

இரண்டு: பேட்டரி செல். ஒரு 1.5 வோல்ட் பென் டார்ச் செல்லைக் கண நேரம் தொடுங்கள். 'டப்' என்று சத்தம் வந்து கோன் நகர வேண்டும். செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வரும். குறி அழிந்துபோன ஸ்பீக்கரில் பிளஸ் கண்டுபிடிக்க இதுவே வழி. கார் பேட்டரியை மட்டும் தொட்டுவிடாதீர்கள். 3.4 ஓம் காயிலுக்கு 1.5 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 0.7 வாட், 12 வோல்ட் கொடுத்தால் 42 வாட்! கோன் ஆடாமல் நிற்கும்போது அத்தனையும் காயிலில் சூடாகத்தான் போகும்.

மூன்று: விரல். இரண்டு கை விரல்களையும் கோனின் மேல் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். 'சர்க், சர்க்' என்று உரசினால் இடைவெளிக்குள் தூசி புகுந்திருக்கிறது அல்லது காயில் கோணிவிட்டது.

எங்கள் நால்வரின் ரிசல்ட்

முன் வலது: 3.5 ஓம். சுத்தமாகப் பாடுகிறவர். பாஸ்.

முன் இடது: 3.4 ஓம். செல் சோதனையிலும் விரல் சோதனையிலும் பாஸ். பிறகு ஏன் ஊமை? கதவு கீல் பக்கத்தில் வயர் மடங்கி மடங்கி, தோலுக்கு உள்ளேயே செம்பு இழைகள் அறுந்திருந்தன. வயரின் ஒரு முனையில் மீட்டரை வைத்து, கதவை ஆட்டிப் பார்த்ததில் தெரிந்தது. நல்ல ஸ்பீக்கரைத் தூக்கிப் போடச் சொன்னார்களே என்று வயிறு எரிந்தது.

பின் வலது: முடிவிலி. காயில் அறுந்தே போயிருந்தது. ஃபெயில்.

பின் இடது, அதாவது தாடிக்காரர்: மீட்டரில் 3.6, நல்ல மார்க். விரல் சோதனையில் உரசல். இரும்புத் தூள் இடைவெளிக்கு உள்ளேயே போய்விட்டது. மீட்டர் மட்டும் போதாது என்பதற்கு இவர்தான் சாட்சி.

ஆக, நான்கில் உண்மையில் கெட்டவை இரண்டு. பின்னால் இருக்கும் ஜோடியை மட்டும் மாற்றினால் போதும்.

செட்டுக்குப் போகும் வயர்

வந்ததோடு வந்தோம், செட்டுக்குக் கரண்ட் வரும் வழியையும் பார்ப்போம் என்று டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தேன். பார்த்ததும் பகீரென்றது. முன்னால் எப்போதோ யாரோ பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்திருந்தார்கள். ஃபியூஸ் இல்லை. தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல் அது உள்ளே வந்திருந்தது. உரசி உரசி ஒரு பக்கம் தோல் தேய்ந்து செம்பு மினுமினுத்தது.

கணக்குப் போடுவோம். 12 வோல்ட் பேட்டரி. வயரும் பேட்டரியும் சேர்ந்து 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் செம்பு தகரத்தில் பட்ட நொடியில் ஓடும் கரண்ட் 12 ÷ 0.05 = 240 ஆம்பியர்! அந்த மெல்லிய வயர் தோசைக்கல்லாகச் சிவந்துவிடும். எந்த வண்டியிலும் இது ஆபத்து. துணியில் மருந்துத் தூளோடு ஒன்பது பேர் உட்கார்ந்து வரும் வண்டியில் இதற்கு என்ன பெயர்?

நம் மாவட்டத்தில் பொறியின் விலையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் ஒரு குடோனில் வண்டியில் பட்டாசு ஏற்றும் வேலை நடந்தபோது பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் சென்டரையும் சூழ்ந்து, அங்கே இருந்தவர்களின் உயிரையும் வாங்கியது. ஆபீசுக்குள் தீப்பெட்டி கூடாது, செல்போன் கூடாது என்று சோதிக்கிறார்கள். அங்கே போகிற வண்டியின் வயரை யார் சோதிப்பது? நாம்தான்.

ஃபியூஸ் செட்டைக் காப்பாற்றுவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது வயரை. அதனால் ஃபியூஸ் செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் எங்கே ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போகும், வண்டி போகாது. பழைய வயரைப் பிடுங்கி எறிந்தேன். புது வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ஓட்டைக்கு ரப்பர் வளையம். நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஃபியூஸ் போனால் காரணம் தேடுங்கள். சிகரெட் அட்டைத் தகடு சுற்றிப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

புது ஸ்பீக்கர் வாங்கும்போது

ஒன்று, ஓம். செட்டின் லேபிளில் 4 ஓம் என்றால் 4 ஓம்தான். ஒரே வழியில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலில் போட்டால் 2 ஓம் ஆகி, செட்டின் ஐ.சி. சூடேறும்.

இரண்டு, அளவு. விட்டம் மட்டும் பார்க்காமல் ஆழமும் பாருங்கள். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும்.

மூன்று, வாட். செட்டின் அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று பெரிதாகப் போட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பதே 14.4 வோல்ட். 14.4 x 14.4 ÷ 4 = 51.84. அது ஸ்கொயர் வேவுக்கு! அதாவது பாட்டு முழுக்கச் சிதைந்த பிறகு கிடைக்கும் வாட். சுத்தமான சைன் வேவுக்கு இதில் பாதி, 26-க்கும் குறைவு; ஐ.சி.யில் போகும் இழப்பையும் கழித்தால் 18, 20-தான். எனவே ஸ்பீக்கர் வாங்கும்போது 'மேக்ஸ்' எண்ணை விட்டுவிட்டு 'ஆர்.எம்.எஸ்.' எண்ணைப் பாருங்கள். 30 ஆர்.எம்.எஸ். இருந்தால் தாராளம்.

நான்கு, ஜோடி. இடதும் வலதும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

மாட்டும்போது

ஸ்பீக்கரில் அகலமான தகடு பெரும்பாலும் பிளஸ், குறுகியது மைனஸ். ஒரு பக்கம் மாறிப்போனால் ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் காணாமல் போகும். சால்டரிங் வேலை எல்லாம் வண்டிக்கு வெளியே. நான் தகட்டு கிளிப்பை வயரில் வீட்டுக்குள் பற்றவைத்து, வண்டியில் வெறுமனே செருகினேன்.

மிக முக்கியம்: மாட்டிய பிறகு, செட்டில் இணைக்கும் முன், ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் வண்டியின் பாடியோடு மீட்டர் வைத்துப் பாருங்கள். முடிவிலி காட்ட வேண்டும். இக்கால செட்டுகளில் 'பிரிட்ஜ்' முறை. ஸ்பீக்கரின் மைனஸும் செட்டிலிருந்து வருவதுதான், பாடி அல்ல. பழைய பழக்கத்தில் மைனஸைப் பாடியில் முடிந்தால் ஐ.சி. காலி. கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்திருந்தால் டேப் ஒட்டித் திரும்பப் போடுங்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும். காகிதக் கோனுக்கு அந்தத் தாள்தான் குடை. ஸ்பீக்கர் வலைக்கு உள்ளே மெல்லிய துணி ஒன்றும் கொடுத்தேன், இனி தாடி வளராமல் இருக்க.

மொத்தச் செலவு ஆயிரத்து ஐநூறு சொச்சம். ஐயாயிரம் மிச்சம். சித்தப்பா அதில் நூறு ரூபாய் எனக்குக் கொடுத்தார். மீட்டருக்கு பேட்டரி வாங்கவாம்!

லீவு முடிந்து முதல் நாள் காலை நானும் கூடவே போனேன். திருத்தங்கல் ரயில்வே கேட் வரை யாரும் பேசவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது பெரியம்மா கேட்டார்: "அந்த வயரையும் பாத்துட்டியாய்யா?"

"பாத்துட்டேன் பெரியம்மா."

"அப்பச் சரி."

எந்த வைவாவிலும் இவ்வளவு பயந்து நான் பதில் சொன்னதில்லை. நண்பர்களே, நம் ஊர்களில் ஆள் ஏற்றிப் போகும் வண்டி உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது மீட்டரை எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரைப் பார்க்கிறேன் என்று சொல்லிக் குனியுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிருங்கள். பாட்டு அப்புறம் பாடட்டும்.